சீப்புக்குக் குனிந்த தலை

என் மச்சான் தலை சீவும்போது சீப்பு தலைக்குப் போகாது. தலைதான் சீப்புக்கு வரும். நெஞ்சுக்கு நேராகச் சீப்பைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைச் சாய்த்துக் குனிவார். மாதா கோயிலில் சிலுவை போடும்போதும் அப்படித்தான், நெற்றி கைக்கு இறங்கி வரும். பார்த்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷம் இருக்கும். கீழக்கரைக் கடலில் சங்கு குளித்துக்கொண்டிருந்தேன். குளிப்பவனின் கயிற்றைத் தோணியில் மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான்? அன்று என் வலைப்பை பாறையில் சிக்கியது. மூச்சு முட்டக் கயிற்றைச் சுண்டினேன். அந்நேரம் தோணியை ஓர் அலை தூக்கிப்போட, கயிறு சுற்றியிருந்த மச்சானின் வலது தோள் விலகிவிட்டது. கயிற்றை விட்டிருக்கலாம். விடவில்லை. இடது கையாலும் பல்லாலும் இழுத்தார். நான் தோணியில் கிடந்து இருமியபோது அவர் வாயெல்லாம் ரத்தம்.

"சுளுக்குத்தான் மாப்ள. நாளைக்கு நீ பாட்டுக்குக் குதி" என்றார். மடையன், நம்பினேன். குளிப்புக் காலம் முடியும்வரை ஒன்றரை மாதம் ஒற்றைக் கையாலேயே கயிறு பிடித்தார். அவர் படுத்துவிட்டால் நான் கடலில் இறங்க முடியாது, நிறைமாதமாக இருந்த தன் தங்கச்சி வீட்டில் அடுப்பு எரியாது என்று அவருக்குத் தெரியும்.

பிறகுதான் ராமநாதபுரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பொறுமையாக விளக்கினார். முழங்கை கதவு மாதிரி, ஒரு பக்கம்தான் மடங்கும். இடுப்பு மூட்டு ஆழக் குழிக்குள் இருப்பதால் லேசில் நழுவாது. தோளோ ஆழமில்லாத சிரட்டையில் வைத்த பந்து. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது, அதனால்தான் சட்டென்று கழன்றும் விடுகிறது. உடனே வந்திருந்தால் சரியாக உட்கார வைத்திருக்கலாம், இனி கை தோளுக்கு மேலே எழும்பாது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மச்சான்தான் என்னைத் தேற்றினார்.

"கை மேல வராட்டி என்ன மாப்ள, நீ மேல வந்துட்டேல்ல."

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று. இப்போது என் தோளும் முதுமையில் இறுகிவிட்டது. இன்று காலை சீப்பை எடுத்தேன். கை காதோடு நின்றுவிட்டது. என்னை அறியாமல் தலையைக் குனித்தேன்.

"எங்கண்ணன் மாதிரியே சீவுறீக" என்றாள் மனைவி, பின்னாலிருந்து.

அவர் கடலிலிருந்து இழுத்தெடுத்த தலை இது. இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டேன்.