பாம்புக்கடிக்கு இரண்டாயிரம் வார்த்தை

அஷ்வினி அதிகம் பேச மாட்டாள். மேஸ்திரி வேலைக்காகக் கொள்ளேகால் பக்கத்துக் கிராமமான கௌதள்ளியிலிருந்து மைசூருக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், இரண்டிலும் நான்கு வார்த்தைக்கு மேல் வராது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, இணையதளங்களுக்குக் கன்னடத்தில் வளவளவென்று எழுதுவது. பக்கத்து மேஜையிலிருந்து இந்தக் கூத்தை நான் தினமும் பார்க்கிறேன்.

முட்டை வேகவைப்பது எப்படி என்று எழுதச் சொன்னால் கோழியின் பூர்வீகத்திலிருந்து தொடங்க வேண்டும். நீளமான பக்கத்தைத்தான் தேடுபொறி முதலில் காட்டும் என்பது எங்கள் மேலாளர் தீபக்கின் வேதம். தேடுபொறி நடத்துகிறவர்களே அப்படி வார்த்தைக் கணக்கு எதுவும் இல்லை என்கிறார்கள். இங்கே யார் காதில் விழுகிறது?

ஒரு ஆஸ்பத்திரியின் தளத்துக்காகப் பாம்புக்கடி பற்றி எழுதச் சொன்னார்கள். அஷ்வினி எழுதியது இவ்வளவுதான்: கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கட்டுப் போடாதீர்கள். கீறாதீர்கள். விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள்.

தீபக் சிரித்தார். "என்னம்மா இது, நாலு லைனு? மத்தவங்க பேஜ் எவ்ளோ பெரிசு, நோடு, நீயே பாரு. நம்மளது ரெண்டாயிரம் வார்த்தை வரணும், அஷ்டே, அவ்ளோதான்."

"கடிச்ச நேரத்துல யார் சார் படிப்பாங்க?"

"படிக்கறது இருக்கட்டும், முதல்ல வரணும்."

எழுதினாள், சம்பளத்துக்கு வேறு வழியில்லை. நாகத்தின் குணம், விரியனின் நிறம், பாம்பும் புராணமும். அந்த நான்கு வரி எல்லாவற்றுக்கும் அடியில் போய்ச் சேர்ந்தது. பக்கம் முதலிடத்துக்கு வந்ததும் தீபக் ஆபீஸ் முழுக்க இனிப்புக் கொடுத்தார். என் பங்கை நான் மேஜையிலேயே வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் கௌதள்ளியிலிருக்கும் அவளுடைய பெரியம்மா மாரக்காளைச் சோளக்காட்டில் பாம்பு கடித்துவிட்டது. கொள்ளேகால் ஆஸ்பத்திரியிலிருந்து மகன் யுவன் போன் செய்தான். அவன் கத்தியது எனக்கே கேட்டது.

"உசுருக்குப் பயமில்லைக்கா. ஆனா நான் கயித்தைப் போட்டு இறுக்கிக் கட்டிப்புட்டேன். கால் கருத்துப்போச்சு, டாக்டர் திட்டறாரு. போன்ல தேடுனேன், முதல்ல ஒண்ணு வந்துச்சு. பட்டணத்துக்கு வழி கேட்டா கொட்டைப்பாக்குக்கு வெல சொல்றான் அந்தாளு! பாம்போட குலம் கோத்திரமெல்லாம் எழுதியிருக்கான். கட்டக் கூடாதுன்னு எங்கியோ அடியில போட்டிருக்கான். அதுக்குள்ள நான் கட்டிட்டேன். அவனை நீ கண்டுபிடிச்சுச் சொல்லுக்கா!"

அஷ்வினி இடைமறித்தாள். "நான்தான்டா எழுதினேன்."

அவன் கேட்டான்: "நீ நாலு வார்த்தைக்கு மேல பேசவே மாட்டியேக்கா?"

அவள் போனை மேஜைமேல் வைத்தாள், துண்டிக்கவில்லை. பக்கத்தைத் திறந்து, அந்த நான்கு வரியையும் தலைப்புக்கு நேர் கீழே பெரிய எழுத்தில் போட்டாள். மற்றதையெல்லாம் அழித்தாள். பின்னால் வந்து நின்ற தீபக் பதறினார். "ஏய், என்ன பண்றே? முதலிடம் போயிடும்மா!"

அவள் போனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இவன்கிட்டச் சொல்லுங்க சார்."

தீபக் வாங்கவில்லை. நீட்டிய கையிலிருந்து யுவனின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "அக்கா, கேக்குதா? காலைப் பத்தி டாக்டர் இன்னும் ஒண்ணுஞ் சொல்லலைக்கா."