அந்தோணி அண்ணன் பயந்த சாயங்காலம்

சனிக்கிழமை ஆட்டத்தை இரவிலிருந்து மாலை ஐந்து மணிக்கு மாற்றிவிட்டதாகத் தொலைக்காட்சிக்காரர்கள் சொல்ல, கேட்டுவிட்டுக் கைப்பேசியைக் கீழே வைத்தேன். உடனே மறுபடி அடித்தது. சிகாமட்டிலிருந்து அந்தோணி அண்ணனின் மகள் ஸ்டெல்லா. "அப்பா காலைல எந்திரிக்கல அங்கிள். டாக்டர் வந்து பாத்துட்டாரு," என்றாள். அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. அந்த ஐந்து மணி ஆட்டத்தைப் பற்றி அண்ணனிடம்தான் கேட்க வேண்டும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜொகூர் தம்போயில் எங்கள் காற்பந்துக் குழுவைத் தெரிந்தவர்களுக்கு அண்ணனைத் தெரியாமல் இருக்காது. எனக்கு முன்னால் குழு நிர்வாகியாக இருந்தவர். அப்போது நான் ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிக்கும் பிசியோ. அண்ணன் ஊரறிந்த பயந்தாங்கொள்ளி. சிகாமட் வெள்ளத்தைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் எதையும் தரையில் வைக்க விடமாட்டார். உடைமாற்றும் அறையில் காலணிப் பைகள் எல்லாம் மேசைமேல் ஏறிவிடும். தம்போயில் ஏது வெள்ளம் என்று ஆட்டக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். "தண்ணி என்ன போன் பண்ணிட்டா வருது?" என்பார்.

டத்தோ பட்டம் பெற்ற பணக்காரர் ஒருவர் எங்கள் குழுவை வாங்கியபோது எல்லாருக்கும் தலைகால் புரியவில்லை. அவர் பின்னாலேயே தொலைக்காட்சிப் பணமும் வந்தது. குளிர்சாதனப் பேருந்து, இரண்டு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், மாதம் தவறாத சம்பளம். விருந்தில் எல்லாரும் டத்தோவோடு படம் எடுத்துக்கொண்டிருக்க, அண்ணன் மட்டும் பிரியாணியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "நம்ம எல்லாரையும் ஒரே ஆளு தூக்கி வச்சிருக்காரு தம்பி. கை வலிச்சா எறக்கி வைக்கமாட்டாரு. விட்டுருவாரு," என்றார். நல்ல நாளில் இப்படிப் பேசுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்த ஆண்டு பக்கத்து மாநிலக் குழு ஒன்றின் முதலாளிக்கு ஆட்டம் சலித்துப்போனது; குழு கலைந்தது. அந்தக் குழுவின் கோல் காவலர் எங்கள் வாசலில் வந்து நின்று, பேருந்து ஓட்டும் வேலையாவது கிடைக்குமா என்று கேட்டார். அன்றிலிருந்து நாங்களும் கோல் போட்டால் முதலில் டத்தோவின் முகத்தைத்தான் பார்த்தோம்.

இரவு நேர நேரலை பெரிய குழுக்களுக்குப் போய்விடும். எங்களுக்குக் கிடைத்தது மாலை ஐந்து. ஜொகூரில் அந்த நேரத்து வானத்தை நம்பி யாரும் துணிகூடக் காயப்போடமாட்டார்கள். நாங்கள் பந்து ஆடினோம்.

அண்ணன் பயந்த அந்தச் சாயங்காலம் டத்தோ விருந்தாளிகளோடு வந்திருந்தார். இரண்டாம் பாதி தொடங்கியதும் செம்பனைத் தோட்டத்துக்கு அப்பால் மின்னல் வெட்டியது. நடுவர் வானத்தைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், ஆட்டத்தைத் தொடர விட்டார். டத்தோவின் உதவியாளர் படியிறங்கி ஓடிவந்து, நேரலை போய்க்கொண்டிருக்கிறது, எதற்காகவும் நிறுத்தக் கூடாது என்று டத்தோ சொன்னதாகச் சொல்லிப்போனார். மறுபடி ஒரு வெட்டு, இந்த முறை இடி உடனே வந்தது. அண்ணன் எல்லைக்கோட்டைத் தாண்டித் திடலுக்குள் நடந்தார். பதினோரு பேரையும் கைகாட்டி உள்ளே கூப்பிட்டார். அலமாக், தோற்றதாக அறிவித்துவிடுவார்களே என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஆட்ட ஆணையர் காரணம் கேட்டார்.

"எனக்குப் பயமா இருக்கு சார். நான் பயந்துட்டேன்னே எழுதிக்குங்க."

மின்னல் திடலில் விழவில்லை. மழைகூடப் பெய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் வெயில் அடித்தது. ஆட்டத்தை இழந்தோம். அண்ணன் கைகாட்டிக் கூப்பிடும் காட்சியைப் பாட்டுப் போட்டு ஊரெல்லாம் அனுப்பிச் சிரித்தார்கள். அந்த வாரமே டத்தோ அவரை வீட்டுக்கு அனுப்பினார். அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்.

பிறகு சிகாமட்டுக்குப் போய் அவரைப் பார்த்தேன். வீட்டிலும் செருப்பெல்லாம் அலமாரிமேல்தான் இருந்தன. எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். ஒரு மின்னலாவது விழுந்திருந்தால் உங்கள் பேர் தப்பித்திருக்குமே அண்ணே என்று நான்தான் வாயை விட்டேன். நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு தலையில விழணும் தம்பி? பேர் சொல்லு."

பதினோரு பேரும் கண்முன் வந்து போனார்கள். "விழாததுக்கு மாதாவுக்கு நன்றி சொல்லிட்டு டீயைக் குடி," என்றார்.

அடக்கத்துக்கு எங்கள் ஆட்டக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். டத்தோ மலர்வளையம் அனுப்பியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு முதுகு நிமிர்ந்துகொண்டது, அவரே வந்து நிற்பதுபோல. இதை எழுதும்போதும் அவர் படிப்பாரோ என்று பயமாகத்தான் இருக்கிறது. அண்ணனுக்கும் அவரைக் கண்டால் பயம்தான். மின்னலுக்கும் பயம்தான். இரண்டில் எதற்குக் கட்டுப்படுவது என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

நேற்று பயிற்சி முடிந்து உடைமாற்றும் அறைக்குள் போனேன். காலணிப் பைகள் தரையில் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தேன். அண்ணன் என்னிடம் விட்டுப்போனது அந்த வழக்கமும் அவருடைய பயமும்தான். இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை வானம் இருண்டால், டத்தோவின் ஆள் படியிறங்கி வந்தால், எனக்குள் எந்தப் பயம் முந்திக்கொள்ளும் என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.