நண்டுக்கு மேலே ஒரு பெயர்

போன வாரம் கீழ் வீட்டு அனன்யா மூக்கைச் சிந்திக்கொண்டு படியேறி வந்தாள். கையில் பரீட்சைத் தாள். நான் பள்ளிக்கூட வேலையை விட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் இந்தச் செம்பூர் கட்டிடத்தில் எந்தக் குழந்தைக்கு மார்க் குறைந்தாலும் வழக்கு என்னிடம்தான் வரும். எல்லோருக்கும் நான் டீச்சர் மாமி.

குளத்து உணவு வலையை வரையச் சொல்லிக் கேள்வி. உணவு வலை என்றால் பயப்படாதீர்கள், எது எதைத் தின்கிறது என்று கோடு போட்டுக் காட்டுவது, அவ்வளவுதான். அனன்யா அழகாகத்தான் வரைந்திருந்தாள். பாசி, பாசியைத் தின்னும் புழு, புழுவைத் தின்னும் மீன், மீனைத் தின்னும் கொக்கு. மீனிலிருந்து இன்னொரு கோடு கிளம்பி, மீசை வைத்த ஒரு மனிதரிடம் போய் முடிந்தது. பக்கத்தில் 'பப்பா' என்று எழுதியிருந்தாள். அவளுடைய டீச்சர் பப்பாவை மட்டும் சிவப்பு மையால் அடித்து, புத்தகத்தில் இல்லை என்று குறிப்பு எழுதி, மார்க்கைக் குறைத்திருந்தாள்.

"பப்பா சண்டே சண்டே ஃபிஷ் சாப்பிடறா மாமி. நானே பாத்திருக்கேன். அப்பறம் எப்படி ராங் ஆகும்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குள் அவளுடைய அம்மா மூச்சிரைக்க மேலே வந்து, குழந்தையைத் தண்ணீர் குடிக்க உள்ளே அனுப்பிவிட்டு, என் காதோரம் குனிந்தாள். "மார்க் போனாப் போறது மாமி. இவ அப்பா மீன் சாப்பிடற விஷயம் ஸ்கூல் வரைக்கும் போயிடுத்தே. என் மாமியார் காதுல விழுந்தா என்ன ஆறது?"

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு ஆயுசே போய்விட்டது, இந்தப் பேச்சு மட்டும் போகவில்லை.

அந்தச் சிவப்பு மையைப் பார்த்ததும் எனக்குக் கறுப்புக் காகிதம் ஞாபகம் வந்தது. சம்பந்தமில்லாத தாவல்தான். என் மனசு என்றைக்கு ஒழுங்காக நடந்தது, தாவாமல் இருக்க? யுத்த காலத்தில் மாட்டுங்காவில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு டீச்சராக இருந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். உலகத்தையே திருத்திவிடலாம் என்ற நினைப்பு வேறு. குண்டு போடும் விமானத்துக்குத் தெரியாமலிருக்க, பிளாக்அவுட் என்று ஊரெல்லாம் விளக்கை மறைத்திருந்தார்கள். எங்கள் வகுப்பறையில் சாயங்காலம் பாட்டு கிளாஸ் நடக்கும், அதனால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. தெருப்பக்க ஜன்னலைப் பகலில் திறந்து வைத்துக்கொள்வோம். பக்கத்துக் கட்டிடத்தின் சுவரை ஒட்டிய பெரிய ஜன்னல் மட்டும் எப்போதும் சாத்தியே இருக்கும். மைதாப் பசை புளித்த நாற்றம் இருக்கிறதே, யுத்தம் என்று யாராவது சொன்னால் குண்டுக்கு முன்னால் எனக்கு அந்த நாற்றம்தான் வரும்.

அந்தப் பசையைத் தின்னக் கரப்பான் வந்தது. கரப்பானைத் தின்னப் பல்லி வந்தது. நான் இயற்கைப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், புத்தகத்தில் உள்ளபடி சிங்கம் மானைத் தின்னும், மான் புல்லைத் தின்னும் என்று சொல்லிக்கொண்டிருக்கையில், வகுப்பு முழுவதும் ஜன்னலைப் பார்த்தது. பல்லி கரப்பானைப் பாதி விழுங்கியிருந்தது. மீசை வெளியே ஆடிக்கொண்டிருந்தது. என் சிங்கத்தை யார் கேட்பார்கள்? ராணி பாக் மிருகக்காட்சிசாலையில் கூண்டுக்குள் தூங்கும் சிங்கத்தைத் தவிர அந்தக் குழந்தைகள் வேறு சிங்கம் கண்டதில்லை. அதுவும் மானைத் தின்று எவரும் பார்த்ததில்லை.

புத்தகத்தை மூடினேன். அந்த ஜன்னலின் கறுப்புக் காகிதத்தில் சாக்பீஸால் ஒரு கரப்பான் போட்டேன். மேலே ஒரு பல்லி. சார்ட் பேப்பருக்குப் பஞ்சமான காலத்தில் அரசாங்கமே ஒட்டச் சொன்ன கரும்பலகை. மேல் கண்ணாடி ஆகாயம், அதற்குக் கீழே மரம், அதற்குக் கீழே தரை, கடைசியில் தண்ணீரும் சேறும் என்று பிரித்தேன். ஒரே ஒரு சட்டம்தான் போட்டேன். கண்ணால் பார்த்ததுதான் ஜன்னலில் ஏறும்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருகிற வழியெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டும் குனிந்து பார்த்துக்கொண்டும் வந்தார்கள். எலியைத் தின்னும் காக்கை, மீன்காரியின் கூடையில் பாயும் பருந்து, கிணற்றில் கொசுப்புழு தின்னும் குட்டி மீன். ஒரே வாரத்தில் மேல் மூன்று கண்ணாடிகளும் நிறைந்து போயின. அடிக் கண்ணாடியில் மட்டும் கிணற்று மீனைத் தவிர ஒன்றுமில்லை. மாட்டுங்காவில் சேறு ஏது?

அதை நிரப்பியவள் செல்லி. தாராவியிலிருந்து தண்டவாளம் தாண்டி நடந்து வருவாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், அப்பாவுக்கு ஒரு தகரப் பட்டறையில் வேலை. அங்கே இருந்த பள்ளியில் நாலாவது வரைதான். அதற்கு மேல் படிக்க, எங்கள் பள்ளிக் கமிட்டி பீஸ் இல்லாமல் அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். அன்றைக்கு எழுந்து நின்று, "டீச்சர், எங்க காடியில நண்டு செத்த மீனத் தின்னும். நான் பாத்திருக்கேன்" என்றாள். காடி என்று அவர்கள் சொல்வது மாகிம் பக்கத்துக் கழிமுகத்தை.

நான் பாலக்காட்டுக் குடும்பத்தில் பிறந்தவள். நண்டைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. துணிந்து ஒன்றை வரைந்தேன்.

"இது எட்டுக்கால் பூச்சில்லா டீச்சர். கடிக்கிற கை ரெண்டு வேணும்."

சாக்பீஸை அவளிடமே கொடுத்தேன். அவள் போட்ட நண்டு நிஜமாகவே பக்கவாட்டில் ஓடும்போல இருந்தது. அதற்குப் பிறகு தினமும் ஏதாவது கொண்டுவந்தாள். குட்டி நண்டைக் கொத்துகிற கொக்கு, சேற்றில் குதிக்கிற மீன், கொசுப்புழுவுக்கு வாயைப் பிளக்கிற கெண்டை. ஒரு நாள் நான் கேட்டேன், நண்டை யார் தின்பார்கள் என்று.

"நாந்தான் டீச்சர். நேத்து எங்கம்மா நண்டுக் கொழம்பு வச்சிருந்தாவ."

சட்டம் சட்டம்தான். நண்டுக்கு மேலே 'செல்லி' என்று எழுதிக் கோடு போட்டேன். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உடனே மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை, எங்கள் பெயரையும் எழுதுங்கள் என்று கத்தினார்கள். கத்தரிக்காய், தயிர், முருங்கைக்காய் என்று ஆளுக்கொரு கோடு. கமிட்டி செக்ரட்டரியின் பிள்ளை சுந்தரத்துக்கு அது போதவில்லை. வால் இல்லாத குரங்கு அவன். "டீச்சர், கொசு என்னைச் சாப்பிடறதே, அதுக்குக் கோடு கிடையாதா?" என்றான். போட்டேன். பிறகு அவனே எழுந்து வந்து விரலால் கோட்டைத் தொடர்ந்தான். சுந்தரத்திலிருந்து கொசு, கொசுவிலிருந்து அதன் புழு, புழுவிலிருந்து மீன், செத்த மீனிலிருந்து நண்டு, நண்டிலிருந்து செல்லி.

"அப்போ செல்லி என்னைத்தான் சாப்பிட்டிருக்கா!"

"அதாம்லே நேத்து கொழம்பு கரிச்சுச்சு" என்றாள் செல்லி.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பாடம் என்று என் வாழ்க்கையில் நான் உருப்படியாக நடத்தியது அந்த ஒரு மத்தியானம்தான். அதையும் நான் நடத்தவில்லை, அவர்களே நடத்திக்கொண்டார்கள்.

சுந்தரம் அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, தாராவிச் செல்லி தன்னைத் தின்றுவிட்டாள் என்று பெருமையாக அறிவித்திருக்கிறான். மறுநாள் முதல் மணி அடிப்பதற்குள் செக்ரட்டரி வந்துவிட்டார். ஏதோ ஆபீசில் சூப்பரிண்டெண்ட். மரியாதையான மனுஷர், குரலை உயர்த்த மாட்டார். எங்கள் அப்பாவுக்குத் தெரிந்தவர் வேறு, நான் மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். மாமா மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே ஒருத்தரோடு எப்படிச் சண்டை போடுவது, நீங்களே சொல்லுங்கள்.

ஜன்னலை மேலிருந்து கீழ்வரை படித்தார். "ஏம்மா, அவா அவா ஆத்துல என்ன வேணா சாப்பிடட்டும். நான் கேக்க வரலை. ஆனா பள்ளிக்கூடத்து ஜன்னல்ல எழுதப்படாது."

"நடக்கறதைத்தானே மாமா எழுதியிருக்கு."

"நடக்கறதெல்லாம் பாடமா? நண்டு, மீனு, குழந்தைகள் பேரு, எல்லாத்தையும் எடுத்துடு. பசு, புல்லு, பருந்து, இதெல்லாம் இருக்கட்டும்."

"மீனை எடுத்துட்டா பருந்து என்ன சாப்பிடும்?"

"அது என்னத்தையோ சாப்பிட்டுண்டு பறக்கட்டும். அதைப் பத்தி உனக்கென்ன?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கூட வந்திருந்த ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன். அவர் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல்வரை போன செக்ரட்டரி திரும்பி, அதே தணிந்த குரலில் இன்னொன்றும் சொன்னார். "அந்தப் பொண்ணுக்கு பீஸ் இல்லாம இடம் கொடுத்தது கமிட்டிதான். உனக்கு வேலை கொடுத்ததும் கமிட்டிதான். ஞாபகம் இருக்கட்டும்."

அவர் போனபிறகுதான் ஹெட்மாஸ்டருக்கு நாக்கு வந்தது. "மனுஷாளை மட்டுமாவது எடுத்துடுங்கோ டீச்சர். மத்ததை நான் சமாளிச்சுக்கறேன். திங்கக்கிழமை கமிட்டி பாக்க வரும்."

"நான் அழிக்க மாட்டேன் சார். வேணும்னா நீங்க அழிச்சுக்கோங்கோ."

"நான் எப்படி அழிக்கறது? குழந்தைகள் பாக்குமே."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். என் வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இருந்தது. அப்பா வேலையில் இருந்தார், நான் பட்டினி கிடக்கப் போவதில்லை. செல்லியின் இடம் போனால்? அதை மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் விடை வரவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். கமிட்டி முன்னால் நின்று, என்னை அனுப்பிவிடுங்கள், அந்தப் பெண்ணைத் தொடாதீர்கள், ஜன்னலும் இருக்கட்டும் என்று கேட்பது. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொண்டேன். இரண்டு இடத்தில் குரல் நன்றாகவே வந்தது.

திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் நுழைந்தால், அடிக் கண்ணாடி கறுப்பாக இருந்தது. நண்டு இல்லை, மீன் இல்லை. பெயர் ஒன்றும் இல்லை. ஜன்னலுக்குக் கீழே செல்லி நின்றுகொண்டிருந்தாள். பச்சைப் பாவாடையின் நுனியெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"நானே அழிச்சிட்டேன் டீச்சர். ஒங்களுக்கு வேல போயிரும்னு சுந்தரம் சொன்னான். அவன் பேர அவனே அழிச்சான்."

சுந்தரம் டெஸ்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது? குழந்தைகள் மேலா? சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்தவளுக்குச் சண்டையே இல்லை. கமிட்டி வந்தது, பார்த்தது. "இப்போ எவ்வளவு லட்சணமா இருக்கு" என்றார் செக்ரட்டரி. ஆகாயத்தில் பருந்து, கொசு ஒன்று யாரையும் கடிக்காமல், பல்லி ஒன்று, கரப்பான் ஒன்று. மனுஷன் என்று ஒரு ஜீவன் உலகத்தில் எதையும் தின்பதாகத் தெரியவில்லை. இன்றைக்கு அனன்யாவின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், அதிலும் அப்படித்தான் இருக்கிறது. எந்தக் கமிட்டி திருத்தியதோ.

யுத்தம் முடிந்ததும் காகிதத்தைக் கிழித்தார்கள். எனக்கு அந்த வெளிச்சத்தில் கண் கூசியது. செல்லி ஏழாவது வரை படித்தாள். அதற்குப் பிறகு குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். அந்தக் கழிமுகத்தில் பெரும்பகுதியை மண் கொட்டி மூடியாயிற்று. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். கண்ணாடிக் கட்டிடங்கள் நிற்கின்றன. மிச்சமிருக்கிற தண்ணீரில் சாக்கடைதான் ஓடுகிறது. செக்ரட்டரி ஜன்னலில் செய்யச் சொன்னதை ஊரே நிஜத்தில் செய்து முடித்துவிட்டது.

ஆனால் எனக்கு ஆறாதது அதுவல்ல. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நான் எத்தனையோ தடவை செல்லியைக் கேட்டிருக்கிறேன், நேற்று என்ன சாப்பிட்டாய் என்று. "சோறு டீச்சர்" என்பாள். அப்போது ரேஷனில் அரிசி கிடைப்பதே குதிரைக்கொம்பு, அவர்கள் வீட்டில் பாதி நாள் சோளம்தான் என்று எனக்குத் தெரியும். மற்ற பிள்ளைகள் என்ன சாப்பிட்டோம் என்று கூவுவார்கள், இவள் மட்டும் சோறு. அவள் எங்கள் பள்ளிக்கு வந்த கடைசி நாளன்று வகுப்பில் யாருமில்லாதபோது கேட்டேன். "இப்போ நாம ரெண்டு பேருந்தான் இருக்கோம். நிஜமா என்ன சாப்பிட்டே செல்லி?"

அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சோறுதான் டீச்சர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் நண்டு வாசனை அடித்தது.