சட்டை காய்ந்த இடம்

மலையாளம் எனக்கு நன்றாகப் பேச வரும். வாசிக்க வராது. எழுபது வயது தாண்டும்வரை இது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தமிழ் எழுத்தைக் கூட்டிக்கூட்டி வாசிப்பேன். என் பெயரை மட்டும் மலையாளத்தில் ஒப்புப் போடப் பழகி வைத்திருந்தேன். பாறசாலைக்கு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊர்ச் சபையில் ஆராதனை மலையாளத்தில்தான். பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்து, மனப்பாடமாகப் பாடி, ஏற்ற நேரத்தில் தாளையும் திருப்புவேன். பக்கத்தில் நிற்பவள் எத்தனாவது பக்கம் என்று கேட்டால், "பாட்டைப் பாடு பிள்ளே, பக்கத்தை என்னத்துக்குத் தேடுக?" என்று சொல்லிவிடுவேன். அப்படியே மதிப்பாக வாழ்ந்துவிட்டேன்.

என் இளைய மகன் வாழைக்குலை ஏற்றுகிற வண்டி ஓட்டினான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய காண்டிராக்டர் பாறைக்குளத்தில் செத்துக் கிடந்தார். கொலை என்றார்கள். அன்றைக்கு அந்த வழியாக மகனுடைய வண்டி போனது கேமராவில் இருந்ததாம். பிடித்தவர்களில் இவன் நாலாவது ஆள். சேனல்காரர்கள் எங்கள் வீட்டு முன்னால் நின்று "நாலாம் பிரதியின் வீடு" என்று கை நீட்டிக் காட்டினார்கள். பிரதி என்றால் குற்றம் சாட்டப்பட்டவன். நாங்கள் கட்டிய வீடு அன்றுமுதல் அவனுடைய குற்றத்தின் வீடாகிவிட்டது.

செங்கல் என்ற ஊரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் அழுதாள். "இப்பம் இங்க வரண்டாம் அம்மா. இவிய வீட்டுல ஒருமாதிரி பேசுவாவ." நான் போகவில்லை. வீட்டில் நானும் மருமகளும் மட்டும். சோறு வெந்ததா, தண்ணீர் பிடித்தாயிற்றா என்று பேசுவோம். வேறு பேச்சு இல்லை. வாசலில் பைக் நின்றால் இருவரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்ப்போம்.

அவனைக் கொண்டுபோன மறுநாள் காலையில் போலீஸ் வந்தது. மருமகள் அவனைப் பார்க்க ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள். கொடிக்கயிற்றில் என் ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில் அவனுடைய நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. முந்தின நாள் நான் அலசிப் போட்டது. அதை எடுத்தார்கள். ஓர் அதிகாரி நாற்காலியில் இருந்து நெடுநேரம் எழுதினார். எழுதிய தாளை என்னிடம் நீட்டினார்.

"வாயிச்சு நோக்கீட்டு ஒப்பிடணும், அம்மச்சி."

தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் வாசித்துக் காட்டியிருப்பார். மதிலுக்கு வெளியே ஊர் முழுக்க நின்றது. நான் கண்ணாடியை மாட்டினேன். சபையில் செய்வதுபோல வரிவரியாகக் கண்ணை ஓட்டினேன். தலையை ஆட்டி ஒப்புப் போட்டேன்.

ஒரு வருடம் கழித்து வக்கீல் அந்தத் தாளை எங்களுக்கு வாசித்தார். சட்டை அடுக்களைக்குப் பின்னால் விறகுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தது என்று அதில் இருந்தது. பொய்யாக எழுதினாரோ, அவசரத்தில் எழுதினாரோ, நான் அறியேன்.

"கழுவின துணி, ரத்தம் இருந்துச்சான்னு சொல்ல முடியாதுன்னு ரிப்போர்ட்டு வந்திருக்கு," என்றார் வக்கீல். "ஆனா ஒளிச்சு வச்ச சட்டைன்னு வந்தா கேஸ் போச்சு. நீங்க வாசிச்சுதானே ஒப்பு போட்டீங்க?"

"இல்ல. எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது."

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பம் அந்தப் பாட்டுப் புத்தகம், மாமி?"

"அது மனப்பாடமாக்கும்."

இதைக் கோர்ட்டில் சொல்ல வேண்டும் என்றார் வக்கீல். கேட்டதற்கு மட்டும் பதில், அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார்.

நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் சபைக்காரர்கள் நாலைந்து பேர் பின்னால் நின்றார்கள். நான் சாட்சிக் கூண்டில் ஏறி, சட்டை கொடியில் காய்ந்தது, தாளை வாசிக்காமல் ஒப்புப் போட்டேன் என்று சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார்.

"ஒப்பிட அறியாம், வாயிக்க அறியில்லா. அல்லே?"

"ஆமா. ஒப்புப் போடத் தெரியும், வாசிக்கத் தெரியாது."

பின்னால் ஒருத்தி மூக்கால் சிரித்தது எனக்குக் கேட்டது. போகட்டும் என்று நின்றேன்.

"சட்டையைக் கழுகியது யாரு?"

"நானாக்கும்."

"எந்தினு?"

"அழுக்குச் சட்டையைப் பின்ன எதுக்கு அலசுவாவ?"

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "கறை உண்டாயிருந்தோ?" என்று கேட்டார்.

அந்திநேரத்தில் வாளியில் கிடந்த துணி. சட்டைப்பையின் பக்கம் என்னமோ கறுப்பாக இருந்தது. பார்க்காமலே சோப்பு போட்டேன், பார்க்காமலே கொடியில் விரித்தேன். "உண்டு. வாழைக்கறை," என்றேன்.

"சோர அல்ல என்று எப்படித் தெரியும்?"

"ரத்தம் பச்சத்தண்ணியில போவும். வாழைக்கறை எத்தனை அலசு அலசினாலும் போவாது. அந்தச் சட்டையை எடுத்துப் பாருங்க."

எங்கள் வக்கீல் நெற்றியில் கை வைத்தார். நீதிபதி சட்டை இருந்த பொதியைப் பிரிக்கச் சொன்னார். குமாஸ்தா நூலை அறுத்தார், அரக்கை உடைத்தார். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. சட்டை சுத்தமாக இருந்தால் பெற்றவளே மகனைக் காட்டிக்கொடுத்தவள் ஆவாள். அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எதற்கு இவன் தரையைப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

சட்டையை விரித்தார்கள். சட்டைப்பைக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் தவிட்டு நிறத்தில் கறை கிடந்தது.

நீதிபதி எதையோ எழுதினார். எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. "வாழைக்கறை உண்டென்றால் சோர இருந்திருக்கக் கூடாது என்று உண்டோ?" என்றார். நான் நீதிபதியைப் பார்த்தேன். இறங்கச் சொன்னார்கள். தீர்ப்பு இன்னும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மருமகள் என் பக்கத்தில் இருந்தாள். அமரவிளை தாண்டியதும் என் பக்கமாகக் குனிந்தாள்.

"மாமி, கறை இருக்கும்னு உங்களுக்கு உறப்பாத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல நாக்கு எழும்பியது. சொல்லவில்லை.

"இல்ல மக்கா. விரிக்கது வரை எனக்குத் தெரியாது."

அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும்தான், மாமி," என்றாள். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், "இப்பமும் தெரியாது, அதுல வேற என்ன இருந்துதுன்னு."