சேட்டம்மாவின் தங்கை இருந்த சுவர்

ஆம்பூரில் நாங்கள் குடியிருப்பது சேட்டம்மா வீட்டுப் பின்கட்டில். முன்னால் அவர்கள் கடை, மாடியில் அவர்கள் குடும்பம், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால் நாங்கள். நான் ஷூ கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். அவர்களோ மார்வாடிகள், தோலை வாசலுக்குள் விடாதவர்கள். சொந்தக்காரர் வந்தாலும் பெல்ட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குடிவந்த புதிதில் ஒருநாள் வேலை முடிந்து அப்படியே மாடி ஏறினேன். குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். குளித்தேன். ஆனால் அதற்குப் பிறகு நாலு வருடம் அந்தப் படியில் நான் கால் வைக்கவில்லை. எது சொல்வதானாலும் மகளை அனுப்பினேன். கடைசியில் சேட்டம்மாவே இறங்கி வந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன், என் டம்ளரில் வாங்கிக் குடித்தார்கள். சிநேகம் அன்றைக்கு ஆரம்பித்தது.

இப்போது அவர்களுக்கு எண்பதுக்கு மேல். கால் விழுந்துவிட்டது, கட்டிலோடுதான் இருக்கிறார்கள். என் மகள் ஜெய்ப்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளிடம் பதினைந்து நாள் இருந்துவிட்டு வரப் போகிறேன் என்று சொல்லத்தான் அன்றைக்கு மாடிக்குப் போனேன். சேட்டம்மா பிறந்த ஊர் அங்கிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம். அந்தப் பக்கத்துக்கு ஷேகாவாட்டி என்று பேர். முழுக்க மணல். வியாபாரத்துக்கு வெளியூர் போனவர்கள் சம்பாதித்து அனுப்பி, ஊரில் மாளிகை மாளிகையாகக் கட்டி, உள்ளும் புறமும் சித்திரம் எழுத வைத்தார்களாம். சேட்டம்மா கல்யாணமாகி வந்தவர்தான், திரும்பி அங்கே போகவில்லை. அண்ணன்மார் வீட்டை விற்றுவிட்டு பம்பாய் போய்விட்டார்கள்.

மருமகளை டீ போட அனுப்பிவிட்டு, சேட்டம்மா என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வரச் சொன்னார்கள். ஒரு தங்கை இருந்தாள், ஏழு வயதில் அம்மை போட்டு இறந்துபோனாள் என்றார்கள். இத்தனை வருடத்தில் தங்கை என்ற பேச்சே நான் கேட்டதில்லை. இவர்களுக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா சித்திரக்காரரை வரவழைத்து, பெண்கள் புழங்கும் உள்ளறையில், கிருஷ்ணரைச் சுற்றிக் கோலாட்டம் ஆடும் பெண்களில் ஒருத்திக்கு அந்தப் பிள்ளையின் முகத்தை எழுதச் சொன்னாராம். கதவுக்கு இடது பக்கம், மூன்றாவது பெண். அம்மா தினமும் போய் அந்தச் சுவர் எதிரில் உட்கார்ந்துவிடுவாளாம். உயிரோடு இருந்த பெண் சாப்பிட்டாளா என்றுகூடக் கேட்பதில்லை.

"அவளுக்கு ஒரு போட்டோகூட கெடையாது. அந்தச் சொவத்துலதான் இருக்கா. நான் ஒருநாள் ஆணி எடுத்து அவ கண்ணைக் கீறிட்டேன்," என்றார்கள் சேட்டம்மா. "அது இன்னும் அப்படியே கீதான்னு பாத்துட்டு வந்து சொல்லு. வேற யாரையும் நான் கேக்க முடியாது."

அம்மா பார்த்தாளாம். அடிக்கவில்லை, ஏன் என்று கேட்கவுமில்லை. அறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். கல்யாணம் செய்து ரயிலேற்றி அனுப்பும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜெய்ப்பூர் போய்ச் சேர்ந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளும் நானும் பஸ் ஏறினோம். இறங்கினால் பட்டப்பகலில் தெருவில் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் வீடுகள், ஒவ்வொன்றும் நம் கம்பெனி கட்டடம் அளவுக்கு. எல்லாக் கதவிலும் பூட்டு. ஆனால் சுவரெல்லாம் ஜனம். யானைமேல் போகிறவர்கள், தொப்பி வைத்த துரை, ரயிலுக்குள் வரிசையாகத் தலைகள், விசிறி வீசும் பெண்கள். மயில் எங்கேயோ கத்திக்கொண்டே இருந்தது. எனக்கு யாரோ பின்னால் வருவதுபோலவே இருந்தது. திரும்பினால் சுவரில் இருப்பவர்கள்தான், எல்லாரும் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டு.

ஒரு மாடி ஜன்னலில் முக்காடு போட்ட பொம்பளை ஒருத்தி எட்டிப் பார்த்தாள். நான் கீழே நின்று சேட்டம்மா வீட்டுப் பேரைச் சொல்லி வழி கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன்.

"அம்மா, அது சொவரு," என்றாள் மகள்.

ஜன்னலும் சித்திரம், பொம்பளையும் சித்திரம். மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் வழி காட்டினார். வீட்டைக் காவல் காக்கும் குடும்பம் முன்கட்டில் இருந்தது. அந்தப் பெண்ணிடம் நானே பேசினேன். கம்பெனியில் என் பக்கத்து மேஜை மேல்விஷாரத்துக்காரி, அவளிடம் பழகிய உருதுப் பேச்சுதான். காவல்காரப் பெண் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, உங்கள் அம்மா எந்த ஊர் முசல்மான் என்று மகளைக் கேட்டாள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று சொன்னதும் இன்னும் சிரித்தாள். நல்ல மாதிரி. புதிதாக வாங்கியவர் இதை ஓட்டல் ஆக்கப் போகிறார், உள்ளறை எல்லாம் புதுசாக எழுதி முடித்தாகிவிட்டது என்று பெருமையாகச் சொல்லிச் சாவி எடுத்தாள்.

இரண்டு முற்றம் தாண்டி அந்த அறை. கதவைத் திறந்ததும் மூடியே கிடந்த இடத்தின் குளிர் வந்து முகத்தில் பட்டது. அந்தப் பெண் லைட்டைப் போட்டாள். நீலமும் சிவப்பும் நேற்று எழுதியதுபோல் இருந்தது. நடுவில் கிருஷ்ணர். இடது பக்கம் எண்ணினேன். மூன்றாவது பெண்ணுக்கு இரண்டு கண்ணும் சுத்தமாக இருந்தன. ஒரு கீறல் இல்லை. ஆனால் நாலாவதுக்கும் அதே கண், எட்டாவதுக்கும் அதே கண். ஒரே கை எல்லாருக்கும் ஒரே முகத்தை எழுதிவிட்டுப் போயிருந்தது.

மகள் என் போனில் படம் எடுத்தாள். எனக்கு மனசு லேசாயிற்று. கீறல் இல்லை என்று சொல்லலாம், போட்டோவையும் காட்டலாம், கிழவி நிம்மதியாகக் கண்ணை மூடுவாள் என்று நினைத்தேன். போகலாம் என்று திரும்பினவள், எதற்கென்று தெரியாமல் கையை நீட்டி அந்த முகத்தைத் தொட்டேன்.

கம்பெனியில் என் வேலை செக்கிங். மாட்டை முள் கீறியிருக்கும், உண்ணி கடித்திருக்கும், அதன்மேல் கலர் பூசி நல்ல தோல் மாதிரி அனுப்பிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலை வைத்து மெதுவாக இழுத்தால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். அந்தச் சுவரும் தோல் மாதிரியே வழுவழுப்பாக, சில்லென்று இருந்தது. கண்ணில் விரல் இடறியது. ஒரு கோடு. அதைக் குறுக்கே வெட்டி இன்னொன்று. அடுத்த கண்ணுக்குப் போனேன், அங்கேயும். கன்னத்தில், வாயில், கழுத்தில், எண்ண முடியவில்லை. ஆழமான கோடுகள். ஒன்பது வயதுப் பிள்ளையின் கை அங்கே வெகுநேரம் வேலை செய்திருக்கிறது.

விரலை எடுத்தேன். அவள் இரண்டு நல்ல கண்ணாலும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களையும் தொட்டுப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை. பஸ்ஸில் மகள் என்ன ஆயிற்று என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

ஊர் திரும்பிய மறுநாளே மாடிக்குப் போனேன். என்ன சொல்வது என்று ரயில் முழுக்க யோசித்தும் முடிவாகவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். சேட்டம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

"இது யாரோ," என்றார்கள்.

புதிதாக எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவர்கள் போனைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்கள்.

"கை வெச்சுப் பாத்தியா?"

முப்பது வருடத்தில் ஒரு பீஸைக்கூட நான் பொய்யாகப் பாஸ் பண்ணினதில்லை. "பாத்தேன்," என்றேன்.

"கீறல் கீதா?"

"கீது. கண்ணுல மட்டும் இல்ல சேட்டம்மா."

கீழே கடையில் யாரோ பேரம் பேசும் சத்தம் கேட்டது. சேட்டம்மா அழவில்லை. "ரொம்ப நேரம் நின்னேன்," என்றார்கள். பிறகு, "அப்ப அவ இன்னும் அடியிலதான் கீறா," என்றார்கள்.

படத்தை அழித்துவிடச் சொன்னார்கள். எனக்கு அழிக்கத் தெரியாது. மருமகளைக் கூப்பிட்டு, அவள் எதற்கு, நல்ல படமாச்சே என்று கேட்கக் கேட்க அழித்தோம்.

இப்போதும் தினம் ஒருதடவை மாடி ஏறுகிறேன். அந்த ஊரைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. நான் உட்கார்ந்ததும் சேட்டம்மா என் வலது கையை இழுத்துக் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் எழுந்திருக்கும்வரை விடுவதில்லை.