வராந்தாவில் நடந்த சரித்திர வகுப்பு

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்தக் கர்வத்தோடுதான் செஞ்சிப் பக்கத்து அரசாங்கப் பள்ளி ஒன்றில் போன வருடம் சரித்திர ஆசிரியையாகச் சேர்ந்தேன்.

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நெருங்கியது. செஞ்சிக் கோட்டை பிடிபட்ட பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். நடுவிலேயே, என் பீரியடில் கணக்கு நடத்த வேண்டுமென்று கணக்கு வாத்தியார் உள்ளே வந்தார்.

"சரித்திரம் இன்னாத்துக்கும்மா? ஜன்னலத் தொறந்தா கோட்டை தெரியுது, பாத்துக்கட்டும். நீ போய் டீ குடி."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"இது என் பீரியட் சார். போக மாட்டேன்" என்றேன்.

சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியர் வந்தார். "கூலிக்காரன் பொண்ணுக்கு வேலை குடுத்தா இப்டித்தான் எதுத்துப் பேசும். வெளிய வாம்மா."

வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். வேலையே வேண்டாம், அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருந்தது.

அப்போது கடைத்தெரு மளிகைக்காரர் மகள் புத்தகத்தோடு வெளியே வந்தாள். வகுப்பில் எப்போதும் என்னை முறைப்பவள்.

"உன்னையும் தொரத்திட்டாங்களா?"

"நானேதான் வந்துட்டேன் டீச்சர். கோட்டையப் புடிச்சாங்கன்னீங்க. உள்ள இருந்த ஜனங்க இன்னா ஆனாங்க? அதச் சொல்லாம போனா எப்டி?"

புத்தகத்தில் ராஜாக்கள்தான் இருந்தார்கள். அந்த ஜனங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. என் முன்னோர் அவர்களில்தான் இருந்திருப்பார்கள். அதுவரை எனக்கே அது தோன்றியதில்லை.

"எனக்கும் தெரியாது. தேடுவோம், ஒக்காரு" என்றேன்.

கணக்கு வாத்தியாரையும் தலைமை ஆசிரியரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. அன்று வராந்தாவில் ஒருத்திக்குத்தான் பாடம் நடத்தினேன். உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே நடத்தினேன்.