ரயிலிலேயே போட்ட ஊசி

எங்கள் திருமண நாளுக்கு, டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் ஹேர்னிங்கிலிருந்து ரயிலில் கோப்பன்ஹேகன் போயிருந்தோம். உணவகத்தில் முன்கூட்டியே மேசை பதியவில்லை. என் கணவர் நீரிழிவுக்காரர். இன்சுலின் போட்டதும் சாப்பிட்டுவிட வேண்டும்; இல்லாவிட்டால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். ஆட்களுக்கு முன்னால் ஊசி போட வெட்கப்பட்டு, ரயில் கழிப்பறையிலேயே போட்டிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை.

இரண்டு உணவகங்களில் இடமில்லை. மூன்றாவதில் இருந்தது. மாட்டிறைச்சி சமைக்கும் இடம் என்று நான்தான் வாசலோடு திரும்பினேன்.

"எந்தக் கடையெண்டாலும் பரவாயில்லை, போய் இருப்பம்," என்று எரிந்து விழுந்தார். அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வியர்த்திருந்தது.

"ஒரு நாளைக்குப் பசி பொறுக்கமாட்டியளோ?" என்று ஏசினேன்.

அப்படியே சுவரோடு சரிந்தார். கண் திறந்திருந்தது; என்னை அடையாளம் தெரியவில்லை. கைப்பையைக் கொட்டித் தேடினேன், இனிப்பாக ஒரு டொபிகூட இல்லை. நான் வேண்டாமென்ற கடையின் பணிப்பெண்தான் பழச்சாற்றோடு ஓடிவந்து மிடறு மிடறாகப் பருக்கினாள். அம்புலன்ஸ் வந்தபோதுதான், "ஊசி அப்பவே போட்டிட்டன்," என்றார்.

இப்போது மேசை பதியாமல் நாங்கள் புறப்படுவதில்லை. சாப்பாடு முன்னால் வந்த பிறகே, எல்லோரும் பார்க்க ஊசி போடுகிறார். அவர் பசிக்கிறது என்றால், அது என்ன கடை என்று நான் பார்ப்பதில்லை.